அடுத்த நடைக்கு வாரேன்

கண்ணாடி அவன் மூக்கில் இல்லை... உள்ளங்கையில் இரண்டு துண்டாகக் கிடந்தது.

வில்லாபுரம் மெயின் ரோட்டில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கண் தெரியவில்லை என்பது கண்ணாடிக் கடைக்குள் இருந்து பார்த்த பாண்டீஸ்வரிக்கே தெரிந்தது. ஒரு ஆட்டோவுக்குக் கும்பிடு போட்டு, ஒரு பைக்காரனிடம் திட்டு வாங்கி, எப்படியோ ரோட்டைக் கடந்து, இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டு நின்றான். கவுன்ட்டரில் இருந்த இசைவாணி சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

“இது... ஒட்டுமாங்க?” குளிரில் அவனுக்குப் பல் கிட்டியது.

“ஒட்டாது. எப்படி ஒடஞ்சுச்சு?” என்றாள் பாண்டீஸ்வரி.

“பஸ்ல தொடைக்கிறதுக்காக சீட்ல வச்சேன். ஒருத்தர் மேல உக்காந்துட்டாரு.”

“நாலு வார்த்த கேக்க வேண்டியதுதானே?”

“எப்படிங்க கேக்குறது... உக்காந்தது நான்தான்.”

இசைவாணி வெடித்துச் சிரித்தாள். பாண்டீஸ்வரிக்கு உதடு லேசாகத் துடித்தது... அவ்வளவுதான். பத்து நாளாக அவளுக்குச் சிரிப்பு வருவதில்லை. கோபம்தான் வந்தது. காலையில் பல் தேய்க்கும்போதே வந்துவிடும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது இன்னும் கொஞ்சம் ஏறும். கடையில் யாராவது “எம்புட்டு நேரமாகும்?” என்று கேட்டால் போதும், கொதித்துவிடும்.

“உள்ள வாங்க. கண்ண டெஸ்ட் பண்ணித்தான் புதுசு போடணும். தாடைய இதுல வைங்க... நெத்தி ஒட்டணும்... ஆடக் கூடாது.”

அவன் தாடையை வைத்தான். மிஷினுக்கு இந்தப் பக்கம் அவள் கண்ணை வைத்தாள்.

தினமும் முப்பது ஜோடிக் கண் பார்க்கிறவள் அவள். கண் என்றால் அவளுக்கு ஒரு நம்பர், ஒரு பவர், ஒரு பில். ஆனால் இந்தக் கண்... இமை முடியில் மழைத்துளி ஒன்று விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் தேன் நிறம்... ஓரத்தில் ஒரு கறுப்பு வளையம். சின்னப் பிள்ளை கதை கேட்கிற மாதிரி அத்தனை கவனமாக அந்தக் கண் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

‘சீ... என்னடி இது, வேலையப் பாரு’ என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

பேர் ராஜகுரு. வயது இருபத்தொன்பது. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு காலேஜில் கணக்கு லெக்சரர். வீடு இங்கேயே, இரண்டு தெரு தள்ளி. இடையில் அவன் அம்மா போன் செய்தார். தெலுங்கும் இல்லாமல் குஜராத்தியும் இல்லாமல் வீட்டு மொழியில் இரண்டு வார்த்தை பேசி வைத்தான். வில்லாபுரத்தில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறவளுக்கு அது சௌராஷ்டிரா என்று தெரியும்.

“இப்ப இந்த லென்ஸ்... ஒண்ணு தெளிவா இருக்கா... ரெண்டு தெளிவா இருக்கா?”

“ரெண்டு... இல்ல ஒண்ணு... நீங்க கையெடுத்தா ரெண்டு.”

“என் கைய எதுக்குப் பாக்குறீங்க? போர்டப் பாருங்க.”

“கை தெளிவா தெரியுதுன்னு சொன்னேங்க...”

காது மடல் சூடானதை அவள் மறைத்துக்கொண்டாள். பக்கத்துப் பார்வைக்கான அட்டையை எடுத்து நீட்டினாள். அதில் தமிழில் ஒரு பத்தி இருக்கும். பெரிய எழுத்தில் தொடங்கிச் சின்ன எழுத்தில் முடியும்.

“சத்தமா வாசிங்க.”

அவன் தொண்டையைச் செருமினான். நிமிர்ந்து உட்கார்ந்தான். வாசித்தான்.

“காலையில் எழுந்ததும் வயலுக்குச் சென்றார்... மடையைத் திறந்தார்... தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்...”

பாண்டீஸ்வரியின் கையிலிருந்த டார்ச் அசையாமல் நின்றுவிட்டது.

பேசும்போது இழுத்து இழுத்துப் பேசிய குரல் இல்லை இது. வாசிக்கும்போது அவன் குரல் வேறாக மாறியது. கனமாக... நிறுத்தி நிறுத்தி... ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் லேசாக ஒரு நக்கல். இந்தக் குரலை அவளுக்குத் தெரியும். பத்து நாளில் நாற்பது தடவை கேட்டிருக்கிறாள். முகம் காட்டாமல் பேசுகிற குரல். ‘பழசு ஆனா மாஸு’ என்ற யூட்யூப் சேனலின் குரல்.

அவள் அப்பாவைப் புளுகன் ஆக்கிய குரல்.

“சார்,” என்றாள். அவள் குரலும் மாறிவிட்டது. “அந்த மிஷின்ல உக்காருங்க. பிரஷர் பாக்கணும்.”

அது கண்ணில் பட்டென்று காற்றடித்து அழுத்தம் பார்க்கிற மிஷின். ஒரு கண்ணுக்கு ஒரு தடவை அடித்தால் போதும்.

‘பட்’. அவன் துள்ளினான்.

“ஆடுனா ரீடிங் வராது.” ‘பட்.’ “இன்னொருக்கா.” ‘பட்.’ “இன்னும் ஒண்ணு.” ‘பட்.’

“மேடம்... ஒரே கண்ணுல நாலு தடவையா?” கண்ணீர் வழியக் கேட்டான்.

“‘இந்த அம்மணி தொடரைப் பார்த்ததே இல்லை. கனவில் கண்டதை விமர்சனம் என்று எழுதியிருக்கிறார்.’ ஞாபகம் இருக்கா சார்? நீங்க பேசுனதுதான்.”

ராஜகுரு கண்ணைத் துடைத்தான். கண்ணாடி இல்லாமல் அவளைக் குனிந்து பார்த்தான்.

“நீங்க... ‘எழுமலைக்காரி’யா?”

“ஆமா. நான்தான் அந்த அம்மணி.”

வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. இசைவாணி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வேகத்திலேயே திரும்பிப் போனாள்.

*

கதை இதுதான்.

பாண்டீஸ்வரியின் அப்பா கருத்தக்கண்ணன் எழுமலையில் கேபிள்காரர். தென்னை மரத்துக்கும் கரண்ட் கம்பத்துக்கும் ஒயர் இழுத்து ஊரையே டிவி பார்க்க வைத்தவர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கீழே ஆபீஸ், மாடியில் வீடு. தனக்கென்று ஒரு லோக்கல் சேனலும் வைத்திருந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் மதுரைக்கு டிஸ்க் வாங்கப் போனவர், அட்டையில் தொப்பி, துப்பாக்கி, குதிரை வண்டி எல்லாம் இருந்ததைப் பார்த்து, ‘சண்டைப் படம்’ என்று ஒரு கட்டு வாங்கி வந்துவிட்டார். போட்டுப் பார்த்தால் பொம்மைப் படம். அதுவும் ஜப்பான் பாஷை. கீழே ஓடியது இங்கிலீஷ்.

அதன் பெயர் ‘சாட்டர்ன் கோச்’. சனிக்கிரகத்து நிலாக்களுக்கு நடுவே ஆளையும் தபாலையும் ஏற்றிப் போகிற ஒரு பறக்கும் வண்டி. அதற்கு ஒரு டிரைவர். கொள்ளைக்காரர்களைச் சுட அவன் பக்கத்தில் ஒரு பெண். இருபத்து நாலு எபிசோடு.

கருத்தக்கண்ணன் யோசிக்கவே இல்லை. ஜப்பான் சத்தத்தை அடியோடு குறைத்தார். மைக்செட்காரரிடம் ஒரு மைக்கை இரவல் வாங்கினார். தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு உட்கார்ந்து, எல்லாருக்கும் தானே பேசினார். டிரைவருக்கு ஒச்சப்பன் என்று பெயர் வைத்தார். துப்பாக்கிக்காரிக்குப் பேச்சி. எரிகல் கூட்டத்தின் நடுவே வண்டி நுழைந்தால், “இந்தா ஆண்டிபட்டிக் கணவாய் வந்துருச்சு, எல்லாரும் கைய உள்ள வைங்கப்பா” என்பார். ஊர் மொத்தமும் கதவைச் சாத்தாமல் உட்கார்ந்து பார்த்தது.

போன வருஷம் அவருக்குத் தொண்டையில் கட்டி. உயிரைக் காப்பாற்றக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பத்து வேஷத்துக்குப் பேசிய மனுஷன் இப்போது கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதை எல்லாம் போனில் தட்டிக் காட்டுகிறார்.

அவருக்காகத்தான் பாண்டீஸ்வரி அந்த விமர்சனத்தை எழுதினாள். பழைய தொடர்களைப் பற்றிப் பேசும் பேஸ்புக் குழு ஒன்றில், ‘எழுமலைக்காரி’ என்ற பெயரில். பேச்சி எப்படி வாய் ஓயாமல் பேசுவாள், கடைசியில் ஒச்சப்பன் ஸ்டேஷனில் அவளை இறக்கிவிட்டு என்ன சொல்வான், எல்லாம் எழுதினாள். அப்பா அதை ஆறு தடவை படித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் இவனுடைய வீடியோ வந்தது. பதினொரு நிமிஷம். தலைப்பு, ‘பார்க்காமலே ஒரு விமர்சனம்!’ அந்தத் துப்பாக்கிக்காரி தொடர் முழுக்க ஒன்பது வார்த்தைதான் பேசுவாள் என்றான். கடைசிக் காட்சியில் டிரைவர் வாயே திறப்பதில்லை, மூன்று நிமிஷம் முழு மௌனம், அந்த மௌனம்தான் தொடரின் சிகரம் என்றான். அவள் எழுதியதை நக்கலாக வாசித்தான். புளுகு என்று முடித்தான்.

அதையும் அப்பா பார்த்தார். பார்த்துவிட்டுப் போனில் தட்டினார். “அவன் சொல்றது சரிதான் ஆத்தா. நான் புளுகத்தான் செஞ்சேன். எழுதுனத எடுத்துரு.” அன்றைக்கு வைத்த போனை அவர் சரியாகத் தொடவில்லை. யாராவது சாப்பிட்டீங்களா என்று கேட்டால் தலையசைப்பார். வேறொன்றும் இல்லை.

அவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

*

புதன்கிழமை வரச் சொல்லியும் அவன் வரவில்லை. வியாழக்கிழமை வந்தான். செல்லோ டேப் சுற்றிய பழைய கண்ணாடியோடு, முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு.

“இந்தாங்க உங்க கண்ணாடி. போட்டுப் பாருங்க,” என்றாள் அவளும் விறைப்பாக.

போட்டான். அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

“என்ன... சரியா தெரியலயா?”

“சரியாத்தான் தெரியுது. அதான் பிரச்சன.” பிறகு சட்டென்று, “நான் என்னங்க தப்பா சொன்னேன்? அந்தத் தொடரப் பத்து தடவ பாத்திருக்கேன். நீங்க எழுதுனதுல ஒரு வரிகூட அதுல இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்... நீங்க ஒரிஜினலப் பாத்திருக்கீங்களா?”

பாண்டீஸ்வரி கண்ணாடி டப்பாவை டப்பென்று மூடினாள். பார்த்ததில்லை. அப்பாவின் குரல் இல்லாமல் அதைப் பார்க்க அவளுக்கு இத்தனை வருஷம் தோன்றவும் இல்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி என்பதுதான் அவளை இன்னும் எரியவைத்தது.

“பாக்கல. ஆனா எங்கூர்ல ரெண்டாயிரம் வீடு நான் எழுதுனதத்தான் பாத்துச்சு. எங்கப்பா பேசுனாரு. ஒவ்வொரு வேஷத்துக்கும் அவரே பேசுனாரு. எங்களுக்கு அதான் ஒரிஜினல்!”

“அப்ப அதச் சொல்லிருக்கலாம்ல? அவரையே ஒரு நிமிஷம் பேசச் சொல்லி வீடியோ எடுத்துப் போட்டிருந்தா...”

“எப்படிங்க பேசுவாரு?” அவள் குரல் உடைந்தது. உடைந்ததற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள். “கொரவளைய எடுத்தாச்சு. காத்து மட்டுந்தான் வருது. அவரால பதில் பேச முடியாது... அது தெரிஞ்சுதான் பதினோரு நிமிஷம் பேசுனீங்களா?”

ராஜகுருவின் முகத்தில் இருந்த விறைப்பு போய்விட்டது. இசைவாணி கால்குலேட்டரைத் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

“எனக்கு... சத்தியமா தெரியாதுங்க. வீடியோவ இப்பவே எடுத்துடுறேன்.”

“எடுக்கவா? எடுத்தா பாத்தவங்க மறந்துருவாங்களா? எங்கப்பா புளுகலன்னு அதே வாயால சொல்லுங்க.”

அவன் தயங்கினான். அந்தத் தயக்கம் அவள் கண்ணில் பட்டது.

“ஆதாரம் இல்லாம எப்படிங்க சொல்றது? நாளைக்கு எவனாவது கேட்டா... டேப் ஏதாச்சும் இருக்கா? ஒரே ஒரு பதிவு?”

“ஆதாரமா?” பாண்டீஸ்வரி கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். “லைவா பேசுனாருய்யா! எந்தக் கேபிள்காரன் டேப் போட்டு வைப்பான்? போ... போய் வேற கடையில கண்ணாடி போட்டுக்க!”

‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் தலையைக் குனிந்தபடி வெளியே போனான். இந்தத் தடவை கதவைச் சரியாக இழுத்துத் திறந்தான். பழைய கண்ணாடி கவுன்ட்டரிலேயே கிடந்தது. அதைக் குப்பையில் போடக் கையில் எடுத்தவள், ஏனோ மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், அவள் அந்தக் கடைசி எபிசோடைப் போனில் தேடிப் பார்த்தாள்.

ஸ்டேஷன். தூசி. அந்தப் பெண் இறங்குகிறாள். டிரைவர் படியருகே நிற்கிறான். இரண்டு பேரும் பார்க்கிறார்கள்... பார்க்கிறார்கள்... பேச்சே இல்லை. வண்டி கிளம்பிவிடுகிறது. அவள் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான்.

நன்றாகத்தான் இருந்தது. ‘பாவி... இதுலயும் அவன் சொன்னது சரியாப் போச்சே’ என்று சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள். “அழுறியாக்கா?” என்று கேட்ட இசைவாணிக்கும் ஒரு திட்டு விழுந்தது.

*

மதுரையில் தங்கி வேலை பார்க்கிறவள், ஞாயிற்றுக்கிழமை எழுமலைக்குப் போனாள். மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோதே என்னவோ கூட்டம் தெரிந்தது. டீக்கடை முன்னால் நாற்பது ஐம்பது பேர். சண்டையோ என்று நினைத்து ஒதுங்கி நடந்தவளின் காலை ஒரு குரல் நிறுத்தியது.

“டேய் சனிக்கெரகத்துப் பயலே! என் வண்டியில கைய வச்ச... கைரேக பாக்கக்கூட கை இருக்காது!”

ஒச்சப்பன்! எட்டாவது எபிசோடு!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். லாரி ஓட்டுகிற சிவபாண்டி பெஞ்சு மேல் ஏறி நின்று, கண்ணை உருட்டிப் பேசிக்கொண்டிருந்தான். அவன் எதிரே தரையில் சம்மணம் போட்டு, கையில் ஒரு மைக்கைப் பிடித்தபடி... புதுக் கண்ணாடி மினுங்க... அவன்.

ராஜகுரு.

“அது அப்படி இல்லண்ணே,” என்று பூக்கட்டும் தாமரைச்செல்வி சிவபாண்டியைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். “அதுக்குப் பேச்சி என்ன சொல்லுவா தெரியும்ல? ‘இந்தா... சுடுறதுன்னா சுட்டுட்டு வா. எதுக்கு ஒலக்க மாதிரி நின்னு பேசிக்கிட்டே இருக்க? எனக்கு வீட்ல வேல கெடக்கு!’” கூட்டம் கைதட்டியது. ஒருவர் ஆண்டிபட்டிக் கணவாயைச் சொன்னார். இன்னொருவர் வண்டி கிளம்பும் சத்தத்தை வாயாலேயே போட்டார். இருபது வருஷமாக யாரும் யாரிடமும் சொல்லிக்காட்டாத வசனங்கள், கேட்டதும் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வந்தன.

“கடைசிக் காட்சி?” என்று கேட்டான் ராஜகுரு. “ஸ்டேஷன்ல எறக்கிவிட்டுட்டு டிரைவர் என்ன சொன்னாரு? யாருக்காவது...”

அவன் கேட்டு முடிக்கவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மொத்தக் கூட்டமும் ஒன்றாகச் சொன்னது.

“ஏத்தா பேச்சி... பாத்து எறங்கு. நான் அடுத்த நடைக்கு வாரேன்!”

அப்பாவின் குரல்... ஐம்பது பேர் வாயில்.

“ஆனா வரவே இல்ல தம்பி,” என்றான் சிவபாண்டி குறையாக. “அடுத்த நடைன்னாரு. நாங்களும் ஒரு வருஷம் கேபிள் ஆபீஸ் வாசல்ல போய் நின்னோம். ‘ஒச்சப்பன் எப்ப வருவான், எப்ப வருவான்’னு. கருத்தக்கண்ணு மாமா ஓடி ஒளிஞ்சுக்குவாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். பாண்டீஸ்வரி சிரிக்கவில்லை. அவள் நேரே போய் அவன் முன்னால் நின்றாள்.

“யாரக் கேட்டு இங்க வந்தீங்க?”

அவன் பதறி எழுந்தான். மைக் ஒயர் காலில் சிக்கியது. “ஆதாரம் கேட்டேன்ல... டேப் இல்லன்னு சொன்னீங்க. பாத்தவங்க இருப்பாங்கல்ல? காலையில ஏழு மணிக்கே வந்துட்டேன். இதோட நாப்பத்தி மூணு பேரு. அம்புட்டுப் பேரும் ஒண்ணு போல சொல்றாங்க.” பிறகு மெதுவாக, “நான் சொன்னதுதாங்க புளுகு. அத அதே வாயால நேத்தே பேசி ரெக்கார்ட் பண்ணிட்டேன்... இவங்களச் சேர்த்துப் போடத்தான் வந்தேன்.”

திட்ட ஏதாவது கிடைக்குமா என்று அவள் தேடினாள். “வெயில்ல... சாப்பிட்டீங்களா?” என்று அதட்டினாள்.

*

மாடியில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார் கருத்தக்கண்ணன். “அந்த வீடியோக்காரருப்பா” என்று பாண்டீஸ்வரி சொல்ல, ராஜகுரு கும்பிட்டான். அவர் கும்பிடவில்லை. வெறித்துப் பார்த்தார். அவன் போனை அவர் முன்னால் வைத்து, பதிவை ஓடவிட்டான்.

முதலில் சிவபாண்டி. அவர் முகம் அசையவில்லை. தாமரைச்செல்வி. கண்ணிமை படபடத்தது. ஒவ்வொரு குரலாக வர வர, அவர் உதடு கூடவே அசைந்தது. சத்தமில்லாமல்... ஒரு எழுத்து தவறாமல். திடீரென்று கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். இத்தனை நாளாகச் சரியாகத் தொடாத தன் போனை எடுத்து, கோபமாகத் தட்டினார். பாண்டீஸ்வரி வாசித்தாள்.

“‘சிவபாண்டிப் பய இழுத்துப் பேசுறான். ஒச்சப்பன் அப்படிப் பேச மாட்டான். திருப்பிப் பேசச் சொல்லு.’”

ராஜகுரு வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அவர் முறைத்தார். பிறகு அவர் தோளும் குலுங்கியது. கழுத்துத் துணிக்குள்ளிருந்து வெறும் காற்று வந்தது. அதுதான் இப்போது அவருடைய சிரிப்பு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ங்கய்யா,” என்றான் ராஜகுரு. “அந்தக் கடைசிக் காட்சியில மூணு நிமிஷம் பேச்சே கெடையாது. அங்க ஏன் பேசுனீங்க?”

அவர் தட்டினார். இந்தத் தடவை அவனே வாசித்தான்.

“‘மூணு நிமிசம் சத்தம் இல்லேன்னா கேபிள் கட்டாயிருச்சுன்னு ஊரே போன் போட்டு வையும்டா. சும்மா இருக்க முடியுமா? பேசித்தான ஆகணும். கெளம்புறவன் போறேன்னு சொல்லக் கூடாது. வாரேன்னுதான் சொல்லணும். அதான் சொன்னேன்.’”

ராஜகுரு அதை இரண்டாம் தடவை வாசித்தான். கண்ணாடியைக் கழற்றினான். துடைத்தான். இந்தத் தடவை எங்கேயும் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டான்.

*

உசிலம்பட்டி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. வழியனுப்ப வந்தவள் என்ற பெயரில் பாண்டீஸ்வரி ஒரு கையில் குடையோடு நின்றாள். குடையை விரிக்கத்தான் மறந்துவிட்டது.

“நானும் பாத்தேன்,” என்றாள் எங்கேயோ பார்த்துக்கொண்டு. “அந்த மௌனத்த. நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க சொன்னது சரிதான்.”

“இல்லங்க. உங்கப்பா பேசுனதுதான் சரி.”

“இப்ப அதுக்கும் சண்டையா?”

“சண்ட போட்டாதான் நீங்க பேசுறீங்க...” என்றான். தேன் நிறக் கண்ணை மறைத்துக் கண்ணாடியில் தூறல் விழுந்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தான். டிரைவர் ஹாரன் அடித்தார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு படியில் ஏறி நின்றான்.

“சரிங்க... போயிட்டு வாரேன்.”

பாண்டீஸ்வரிக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ தெரியவில்லை.

“எப்ப?”

“என்னது?”

“வாரேன்னா எப்ப? எல்லாரும் ஈஸியா சொல்லிருறீங்க, வாரேன் வாரேன்னு! ஏழு வயசுல ஒரு வருஷம் நான் தெனமும் ஆறரைக்கு டிவி முன்னாடி உக்காந்திருந்தேன். ஒச்சப்பன் வாரேன்னான்... வரல. எங்கப்பாகூட ஒரு மாசம் பேசல நான். அடுத்த நடைன்னா எந்த நடை? தேதி சொல்லிட்டு ஏறுங்க!”

பஸ்ஸில் இருந்த முகங்கள் எல்லாம் ஜன்னலுக்கு வந்தன. ராஜகுரு கம்பியைப் பிடித்தபடி திகைத்து நின்றான்.

“யோவ் கண்ணாடி, ஏறுறியா எறங்குறியா? வண்டிய எடுக்கணும்!” என்றார் கண்டக்டர்.

அவன் இறங்கிவிட்டான்.

பஸ் போய்விட்டது. சேறும் புகையும் அடங்கின. தூறலில் இரண்டு பேர் மட்டும்... பக்கத்தில் பக்கத்தில். அவன் அவளைப் பார்த்தான். அவள் விரிக்காத குடையைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது இரண்டு பேர் தொண்டையிலும் நின்றது. ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம். டீக்கடையில் பாய்லர் சத்தம் மட்டும் கேட்டது. ‘அவனே சொல்லட்டும்’ என்று அவள்... ‘திட்டினாலும் திட்டுவாள்’ என்று அவன்... மூன்றாவது நிமிஷமும் போய்க்கொண்டிருந்தது.

பாண்டீஸ்வரியின் போன் மணியடித்தது. மெசேஜ். அப்பா.

“என்ன ஆத்தா, சத்தத்தையே காணோம்?”

நிமிர்ந்து பார்த்தாள். எதிரே மாடி ஜன்னலில் கருத்தக்கண்ணன் சட்டென்று முகத்தைத் திருப்பி மோட்டுவளையைப் பார்த்தார்.

அவள் போனை அவனிடம் நீட்டினாள். அவன் வாசித்தான். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

“நான் பேசுறேங்க,” என்றான். வாசிக்கிற குரல் இல்லை. இழுத்து இழுத்து வருகிற, பல் கிட்டுகிற, அவனுடைய சொந்தக் குரல். “எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. அந்த நாலாவது காத்து அடிச்சீங்கல்ல... அப்பயிருந்து. எங்க வீட்ல என்ன சொல்வாங்கன்னு தெரியாது, சண்ட வந்தா போட்டுக்குறேன். நீங்க...”

“புடிச்சிருக்கு!” என்றாள் அவள். “போதுமா? சத்தம் கேட்டுச்சா? எனக்கும் புடிச்சிருக்கு. பத்து நாளா உங்க கொரலத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்... திட்டுறதுக்காகக் கேட்டேன்... அப்பறம் வந்து நிக்கிறீங்க இந்தக் கண்ண வச்சுக்கிட்டு!” கோபமாகத்தான் சொன்னாள். கண்ணில் தண்ணீர் வழிய, கடைசி வார்த்தை வரைக்கும் கோபமாகவே சொன்னாள்.

“அடுத்த பஸ் எப்பங்க?” என்று கேட்டான் அவன் கொஞ்ச நேரம் கழித்து.

“ஒரு மணி நேரமாகும்.”

“அதுல போயிட்டு... புதன்கெழம வாரேன்.”

“சாயங்காலம் ஆறரைக்கு,” என்றாள் பாண்டீஸ்வரி. குடையை விரித்து, அவன் பக்கமாகப் பிடித்தாள்.